தேய்பிறை நடவு

எங்கள் வீட்டில் வெண்டை விதை ஊன்றுவதற்குக்கூட நாள் பார்க்க வேண்டும், ஐயா. என் வீட்டுக்காரர் அரங்கநாதன் அப்படி. மண்ணுக்கு மேலே காய்ப்பதெல்லாம் வளர்பிறையில், மண்ணுக்குள் விளைவதெல்லாம் தேய்பிறையில். களை பிடுங்குவதும் கிளை கழிப்பதும் தேய்பிறையில்தான். அப்போது எடுத்தது மறுபடி தழைக்காதாம். அமாவாசையன்று மண்வெட்டியைத் தொடவே விடமாட்டார். எங்கள் ஊர் உறுவையாற்றில் மற்றவர்கள் நெல்லும் கரும்பும் போட, நாங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொல்லையில் காய்கறி போட்டு வில்லியனூருக்குக் கொண்டுபோய் விற்றோம். நல்ல காய்தான். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பாகூரில் என் அம்மா இழுத்துக்கொண்டு கிடந்தபோது பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. “நாத்த நட்டுட்டுப் போ. ஒங்கம்மா அதுக்குள்ள எங்கயும் போயிட மாட்டாங்க” என்றார். கத்தரி நாற்றை நட்டு முடித்துவிட்டு பஸ் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் கத்தரி நன்றாகக் காய்த்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு செய்தேன் என்று எழுத வேண்டாம். அது எப்போதோ நடந்தது.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, ஊட்டிவிட்டு, துணி அலசிப் போட்டுவிட்டுத்தான் நான் கொல்லைக்குப் போவேன். கண்ணை மூடினாலும் காது அவர் கட்டில் பக்கமே இருக்கும். அடுத்த தெரு இளவரசி கூடமாட வந்து தூக்கிவிடுவாள். நான் காய் விற்கப் போகும்போது அவள்தான் அவர் பக்கத்தில் இருப்பாள்.

ஒருநாள் அவரைக் கேட்காமல் தேய்பிறையில் வெண்டை ஊன்றினேன். வேண்டுமென்று செய்யவில்லை, அன்றைக்குத்தான் கை ஒழிந்தது. எல்லாம் முளைத்தது. காயும் எப்போதும் போலத்தான் இருந்தது. அந்தச் செடிகளுக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு எனக்கு ஒழிந்தபோது விதைத்தேன், எனக்குத் தோன்றிய இடத்தில் விதைத்தேன்.

பங்குனியில் அவருக்குக் குணம் தெரிந்தது. வலது கால் அசைந்தது, பேச்சு தெளிந்தது. உடற்பயிற்சி சொல்லித்தர வந்த பெண், “தீபாவளிக்குள்ள கோல் ஊணிக்கினு நடப்பாரு பாருங்கம்மா” என்றாள். இளவரசி சந்தோஷத்தில் கையைத் தட்டினாள். நானும் சிரித்தேன்.

அன்றைக்கு அவர் முதலில் தெளிவாகக் கேட்டது, “இப்ப இன்னா பிறை?” என்றுதான்.

“வளர்பிறை” என்றேன்.

ஜன்னல் வழியாகக் கொல்லையைப் பார்த்தார். எந்தச் செடி எப்போது போட்டது என்று அவருக்குப் பார்த்தாலே தெரியும். “எல்லாத்தையும் மாத்தி மாத்திப் போட்டு வெச்சிகிற. நான் எழுந்ததும் மொத்தமும் கொத்திட்டு புதுசா போடணும்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் எப்போதும் கோபமாகச் சொல்வதில்லை.

அவர் படுகிற பாடு முடிந்தால் அவருக்குத்தான் நல்லது என்று நினைத்தேன், ஐயா. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

வளர்பிறை முடியட்டும் என்று காத்திருந்தேன். அந்தக் கணக்கு பொய் என்று வெண்டை எனக்குக் காட்டியிருந்தது. ஆனாலும் காத்திருந்தேன். தேய்பிறையில் எடுத்தது தழைக்காது என்பது மட்டும் ஒருவேளை நிஜமாக இருந்தால் இருக்கட்டும் என்று.

கத்திரி வெயில் ஆரம்பித்திருந்தது. கருணைக்கிழங்கு நடப்போகிறேன் என்றதும், தானும் பார்க்க வேண்டும் என்றார். காலையில் வழக்கம்போல வந்த இளவரசியை வாசலிலேயே நிறுத்தினேன். “இன்னிக்கி வேணாம் இளவரசி. நான் எங்கயும் போல, நானே பாத்துக்கறேன்.”

“ஒடம்பு சரியில்லயாக்கா? மூஞ்சே நல்லால்லயே” என்றாள். ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டேன்.

அவரைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து வேப்பமரத்துக்கு மேற்கே நிறுத்தினேன். காலையில் நிழல் மேற்கே விழும். உச்சி சாய்ந்ததும் கிழக்கே போய்விடும். செடி வைக்கிறவளுக்கு இது தெரியாமல் இருக்காது. பிரேக்கைப் போட்டேன். போடாவிட்டாலும் அந்தக் கொத்திய மண்ணில் ஒற்றைக் கையால் சக்கரத்தை உருட்ட முடியாது.

நான் நடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். “இன்னும் கொஞ்சம் ஆழமா வையி” என்றார். ஆழமாக வைத்தேன். முடித்தபோது, “நல்லா நட்டிருக்கிற குமாரி” என்றார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த நேரத்தில் நாற்காலியை வீட்டுப் பக்கம் திருப்பியிருக்கலாம். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வில்லியனூருக்குப் போனேன். காய் சீக்கிரமே விற்றுவிட்டது. வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் என் நாத்தனார் தையலம்மாள் வந்து மார்பில் அடித்துக்கொண்டாள். “எங்கண்ணன் வெயில்ல வெந்துகினு கெடந்திருக்காரே! அந்த இளவரசி எங்கடி போனா?” என்று கேட்டாள்.

“அவள இருக்கச் சொல்லிட்டுத்தான் போனேன்” என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அந்தப் பதில் அங்கே தயாராக இருந்ததுபோல் வந்தது. தையலம்மாள் இங்கே ஸ்டேஷனுக்கு வந்து புகார் கொடுத்தாள், நீங்கள் இளவரசியைக் கூட்டிவந்தீர்கள். உள்ளே வரும்போது வெளியே பெஞ்சில் அவளைப் பார்த்தேன். “நீதான வேணாம்னு சொன்ன? சொல்லுக்கா” என்றாள். திட்டவில்லை, கெஞ்சினாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவள் மேல் தப்பு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நான் திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார், மயக்கத்திலேயே போயிருப்பார், ஒன்றும் தெரிந்திருக்காது என்று எல்லாரிடமும் சொன்னேன். அப்படி இல்லை. கொல்லைப் படலைத் திறந்தபோது அவர் கண் திறந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. இடது கை சக்கரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“குமாரி, நெழலுக்கு இழு” என்றார். தெளிவாகத்தான் சொன்னார். நிழல் மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது, நாலு எட்டு வைத்தால் வந்துவிடும்.

நட்ட கிழங்குக்குத் தண்ணீர் விட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். போய் மோட்டாரைப் போட்டேன். மடையைத் திருப்பிவிட்டுக்கொண்டு நின்றேன். பாத்திகள் நிரம்பின, பிறகு வழிந்தன. மோட்டார் சத்தத்தில் அவர் சொல்வது எனக்குக் கேட்கவில்லை. அவர் வாய் அசைவது நின்ற பிறகுதான் நிறுத்தினேன்.