ஒரு கடல் மைல்

பழைய படகு வாங்க வருகிறவர்கள் முதலில் மெத்தையைத் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு சமையலறைக் குழாயைத் திறந்து மூடுவார்கள். தண்ணீருக்கு அடியில் என்ன சுழல்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. நானும் பெங் சானும் அப்படித்தான் வாங்கினோம்.

நான் முப்பத்தோரு வருடம் பினாங்கில் பல் வைத்தியம் பார்த்தவன், இன்ஸ்பெக்டர். பெங் சான் பிஸ்கட் மொத்த வியாபாரி. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. இருவரும் வேலையை விட்டதும் பாதிப் பாதி போட்டு 'தெனாங்' என்ற இந்த விசைப்படகை வாங்கினோம். தைவானில் கட்டியது. நாற்பத்திரண்டு அடி, இரண்டு டீசல் என்ஜின், வயது முப்பத்தெட்டு. லங்காவியில் நிறுத்தி வைத்தோம். அங்கே படகுகளைப் பராமரிக்கும் ஜொஹாரி அதைப் பார்த்துக்கொண்டார். மாதத்தில் ஒரு முறை, வெள்ளி மாலையிலிருந்து ஞாயிறு வரை, நாங்கள் இருவரும் அதில் இருப்போம்.

பெங் சானைப் பற்றி நீங்கள் பலரிடம் கேட்டிருப்பீர்கள். நல்ல மனுஷன் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நானும் அதையேதான் சொல்வேன். ஆனால் அவனோடு நாற்பத்திரண்டு அடிக்குள் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். வறுத்த நெத்திலியைக் கையால் அள்ளித் தின்றுவிட்டு அதே கையால் ஸ்டியரிங்கைப் பிடிப்பான். மேல்தளத்தில் உட்கார்ந்து கால் நகம் வெட்டுவான். துண்டுகள் தேக்குப் பலகை இடுக்கில் போய் நிற்கும். நான் மண்டியிட்டு, பல் சுத்தம் செய்யும் ஊசியால் ஒவ்வொன்றாக எடுப்பேன். படகில் இரண்டு கழிவறை இருந்தும் பின்படியில் நின்று கடலில்தான் சிறுநீர் கழிப்பான். நான் செய்துகொடுத்த மேல்வரிசைப் பல்செட்டைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் கழற்றி வைத்துவிட்டு மீன் தலையைச் சூப்புவான். செட்டில் சோறு ஒட்டியிருக்கும். பதினோரு வருடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நான் குறை சொன்னது படகைப் பற்றித்தான். வேகம் எடுத்தால் கறுப்பாகப் புகை கக்கும். பின்பலகை முழுக்கக் கரி. பெங் சான் வியர்த்த முதுகோடு அதில் சாய்ந்துவிட்டு வந்து மெத்தையில் படுப்பான். நான் உறையைக் கழற்றித் துவைப்பேன். முழு விசையில் நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்று ஓடவேண்டிய என்ஜின், இரண்டாயிரத்து நூறிலேயே மூச்சுத் திணறியது. அதிர்வில் டம்ளர் நகர்ந்து விழும்.

பட்டர்வொர்த்தில் புரொப்பெல்லர் பட்டறை வைத்திருக்கும் ஆ கியாட்டைக் கூட்டிவந்து காட்டினேன்.

"என்ஜின்ல தப்பு இல்ல, டாக்டர்," என்றார் அவர். "வாங்கினப்ப இருந்த எடையா இப்ப இருக்கு? ஜெனரேட்டர் ஏத்தினீங்க, ரெண்டாவது ஃப்ரிட்ஜ் ஏத்தினீங்க, மேல கூரை போட்டீங்க. இந்தப் புரொப்பெல்லர் ஒவ்வொரு சுத்துக்கும் ரொம்பத் தண்ணிய அள்ளுது. டாப் கியர்ல மலை ஏறுற மாதிரி. அது எப்படி மூச்சு விடும்?"

இரண்டு என்ஜினுக்கும் மூன்று இதழை எடுத்துவிட்டு நான்கு இதழ் போடலாம், வளைவைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். எனக்கு உடனே புரிந்தது. வாயில் சரியாகப் பொருந்தாத செட் எப்படி ஈறைப் புண்ணாக்கும் என்று எனக்குத் தெரியும்.

பெங் சான் முதலில் சிரித்தான். "ஓடுதுல்ல? அப்புறம் எதுக்குடா நோண்டுற?" ஆனால் சம்மதித்தான். அவனுடைய லாரியிலேயே பழையதைக் கொண்டுபோய்ப் புதியதைக் கொண்டுவந்தான். பட்டறை ஆட்களுக்கு இரண்டு டின் பிஸ்கட் கொடுத்தானாம். அவன் அப்படித்தான்.

புதிய புரொப்பெல்லர் போட்டால் சோதித்துப் பார்க்கவேண்டும். ஒரு கடல் மைலை வரைபடத்தில் குறித்துக்கொண்டு, முழு விசையில் ஒரு முறை போய், அதே கோட்டில் திரும்பி வரவேண்டும். நீரோட்டம் ஒரு பக்கம் உதவும், மறுபக்கம் தடுக்கும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால்தான் உண்மையான வேகம்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, சிங்கா தீவுக்குத் தெற்கே தொடங்கினோம். ஜொஹாரி கீழே என்ஜின் அறையில், காதடைப்பான் மாட்டிக்கொண்டு வெப்பம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

விசையை முழுக்கத் தள்ளினேன். இரண்டாயிரத்து நானூற்று எண்பது சுற்று. புகை இல்லை. டம்ளரில் இருந்த தண்ணீர் அசையவில்லை. இந்தப் படகில் நான் அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

பெங் சான் வந்து என் முதுகில் தட்டினான். கையில் நெத்திலி எண்ணெய்.

"ஏய் பல்லு, சாதிச்சுட்டடா. இந்த வேகத்துக்கு ரெண்டு மணி நேரத்துல தாய்லாந்துப் பக்கமே போயிடலாம். இனிமே எதுக்கு மாசத்துக்கு ஒரு தடவை? வாராவாரம் வருவோம்."

"வாராவாரமா?"

"வியாழக்கிழமையே கிளம்பிடலாம். நமக்கென்ன, யாரு கேக்கப் போறா? நீயும் நானும்தானே."

நல்லது என்றேன். அவன் பின்படிக்குப் போனான். எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.

நான் தள்ளவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள். ஃபெரி ஒன்று கடந்துபோன அலை குறுக்கே வந்தது, படகு ஒரு முறை தூக்கிப் போட்டது. திரும்பிப் பார்த்தேன். படி காலியாக இருந்தது. அவன் தலை வெள்ளை நுரையில் தெரிந்தது, கை ஆடியது. மைல் முடிய ஒரு நிமிடமும் சில நொடிகளும் பாக்கி. கடல் வெதுவெதுப்பாக இருந்தது. அவன் நன்றாக நீந்துவான். நடுவில் நிறுத்தினால் அந்த ஓட்டம் வீண். முடித்தேன். மணிக்குப் பதினைந்து புள்ளி இரண்டு கடல் மைல்.

திருப்பினேன். மீண்டும் முழு விசை எடுத்து அதே கோட்டில் வந்தேன்.

தன்னைத் தூக்கத்தான் வருகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான். இரண்டு கையையும் உயர்த்தினான். சிரித்துக்கொண்டிருந்தான். பல்செட் தண்ணீரில் போய்விட்டிருந்தது. அந்த வாயை நான் எத்தனையோ முறை திறந்து பார்த்திருக்கிறேன், விளக்கும் கண்ணாடியும் வைத்து. வெயிலில் அது வேறு மாதிரி இருந்தது. வெறும் ஈறு, சிவந்து, நனைந்து, எச்சில் வழிய. நான் கண்ணை எடுக்கவில்லை, கோடு தவறிவிடுமே என்று.

இடது பக்கத்தில் அவனைத் தாண்டும்போது அவன் சிரிப்பு நின்றுவிட்டது. பல்லு என்று கூப்பிடவில்லை. "சின் ஹோக்," என்றான். ஐம்பது வருடத்தில் அவன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கத்தவில்லை. கடையில் தெரிந்தவரைப் பார்த்துக் கூப்பிடுவதுபோலச் சொன்னான்.

பதினைந்து புள்ளி எட்டு. சராசரி பதினைந்தரை. பழைய புரொப்பெல்லரில் பதின்மூன்றைத் தாண்டியதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து விசையைக் குறைத்தேன். ஜொஹாரி மேலே வந்தார்.

"டாக்டர், இப்ப அடியில ஏதோ தட்டுச்சே?"

"கட்டை. மழைக்கு அடிச்சுக்கிட்டு வந்திருக்கும்."

"பெங் சான் தவுக்கே எங்க?"

"கீழே படுத்திருப்பார். எழுப்பாதீங்க."

தீவின் மறுபக்கம் நங்கூரம் போட்டு, நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு நானே இறங்கிப் பார்த்தேன். எட்டு இதழ்களையும் விரலால் தடவினேன். ஒரு கீறல் இல்லை. ஆ கியாட் நல்ல வேலைக்காரர். வலது புரொப்பெல்லர் தண்டில் மட்டும் கொஞ்சம் சட்டைத் துணி சுற்றியிருந்தது. பூப்போட்ட சட்டை. அதோடு வேறு சிலதும் இருந்தது, அதை உங்கள் டாக்டர் எழுதியிருப்பார். பிய்த்தெடுத்தேன். மேலே வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். பிறகு பின்படியையும் கழுவினேன், அவன் நின்ற இடம் ஈரமாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு மேசை சுத்தமாக இருந்தது. ஒரே ஒரு தட்டு வைத்தேன். அப்போதுதான் ஜொஹாரி எல்லா அறையையும் திறந்து தேடிப் பார்த்துவிட்டு ரேடியோவை எடுத்தார். நான் தடுக்கவில்லை.

அவன் மனைவியிடம் சொல்லுங்கள், அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அவன் சவப்பெட்டியைத் திறந்து வைக்கவேண்டாம் என்றும் சொல்லுங்கள், அது அவர்களுக்குத்தான் நல்லது.

நீங்கள் படகின் ஜி.பி.எஸ். கருவியிலிருந்து எடுத்த வரைபடத்தைக் காட்டிக் கேட்கிறீர்கள், அதில் ஏன் மூன்று கோடு இருக்கிறது என்று. சோதனைக்கு இரண்டு ஓட்டம் போதும் என்று ஆ கியாட் சொன்னது சரிதான். என் கணக்கும் இரண்டோடு முடிந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டாவது ஓட்டத்தில் அவனிடமிருந்து ஐந்து மீட்டர் மேற்கே விலகிப் போய்விட்டேன், இன்ஸ்பெக்டர். மூன்றாவதில் அதைச் சரிசெய்தேன்.