மச்சான் பிடிக்கும் கயிறு

பளிச்சியம்மன் மேல் சத்தியம் அய்யா, நான் சொல்வதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கொடைரோட்டு டீயில் சர்க்கரை கூடுதல் என்பதும் உண்மை. வாங்கிக் கொடுத்தீர்கள், குடிக்கிறேன்.

நாங்கள் பளியர். மலைமேல் இருந்தோம். இனி இது சரணாலயம், மனிதர்கள் இருந்தால் காட்டுக்கு ஆகாது என்று அதிகாரிகள் எங்களை அடிவாரத்துத் தகர வீடுகளுக்கு இறக்கிவிட்டார்கள். காட்டுக்கு நல்லது என்றார்களே என்று இறங்கினோம். மறு வருஷம் அதே இடத்துக்கு மணிமாறன் என்றொரு முதலாளி பட்டாவோடு வந்து ரிசார்ட் கட்டினார். என் அப்பனைப் புதைத்த மேட்டில் நீச்சல்குளம் வெட்டினார். யானைகள் குளிக்கட்டும் என்று நினைத்திருப்பார். எனக்கு அவர்மேல் கோபமே இல்லை.

ஒருநாள், மலைத்தேன் எடுப்பதை வீடியோ பிடிக்க வேண்டும், நானே பாறையில் இறங்குவேன் என்றார்.

"ஏலே கிழவா, கயித்த நீ பிடி."

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. தேனெடுக்க இறங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிக்க வேண்டும். கூடப்பிறந்தவள் தாலியறுக்கக் கூடாதே என்று கை நழுவவிட மாட்டான். அதைச் சொன்னேன்.

"உங்க வீட்டம்மா எனக்குத் தங்கச்சி இல்லையே, மொதலாளி."

"இன்னைக்கு ஒரு நாளு தங்கச்சின்னு வச்சுக்கடா. கொறஞ்சா போயிருவ?"

"தங்கச்சிய ஒரு வார்த்தை கேக்க வேணாமா?"

"அவ வேணாம்னா சொல்லப் போறா? விடுடா."

இறக்கினேன். தேனடைக்கு எட்டும் உயரத்தில் நிறுத்தி, மேலிருந்து கேட்டேன்.

"மச்சான், எங்கப்பன் எங்க?"

"எந்த அப்பன்டா? மேல இழு."

"நீச்சல்குளத்துக்கு அடியில கெடக்கானே, அவன்."

கையைத் திறந்தேன்.

பள்ளம் நல்ல ஆழம். பாதி வழியில் அவருக்குப் போன் வந்தது, எடுத்துப் பேசினார். அப்புறம் தேனீக்கள் இரக்கப்பட்டு, கூட்டமாக வந்து அவர் சட்டையைப் பிடித்து மெதுவாக இறக்கப் பார்த்தன. வேண்டாம் என்று நான்தான் கை காட்டினேன். சொன்னால் கேட்கும். விட்டுவிட்டன. அவர் அடியில் போய்ச் சேர்ந்த சத்தம் கேட்கும்வரை குத்தவைத்து உட்கார்ந்து வெற்றிலை போட்டேன். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

நான் கிளம்புகிறேன் அய்யா. ஆறு மணிக்கு மணிமாறன் கார் வந்துவிடும். ரிசார்ட் கேட்டைத் திறந்து சல்யூட் அடிக்க வாட்ச்மேன் நான் நிற்காவிட்டால் திட்டுவார்.