பட்டியலில் முதல் இடம்

கெல்சி: ...பொய் சொல்லாத ட்ரென்ட். அந்தம்மா உனக்குத் தனியா மெயில் போட்டாங்கதானே?

ட்ரென்ட்: எந்தம்மா?

கெல்சி: சியாட்டில் ஆஸ்பத்திரில நம்மளை இன்டர்வியூ பண்ணின அம்மா. இன்டர்வியூ முடிஞ்ச மறுநாளே போட்டாங்களாம். 'உங்களோட பேசினதுல ரொம்ப சந்தோஷம்'னு.

ட்ரென்ட்: அது எல்லாருக்கும் போடறதுதான்.

கெல்சி: எனக்குப் போடலையே.

ட்ரென்ட்: நீ அங்க இன்டர்வியூ குடுத்ததே பேருக்குத்தானே. உன் வீடு இங்க. புருஷன் இங்க. தோட்டத்துல நட்டு வச்ச பூண்டுகூட இங்க. மில்வாக்கியை விட்டு நகர மாட்டேன்னு மூணு வருஷமா என் காதுல ஓதிட்டிருக்க.

கெல்சி: நகர மாட்டேன்தான். அதுக்காக ஒரு மெயில் போட்டா அவங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?

லோர்னா: டாக்டருங்க ரெண்டு பேரும் கையை எடுங்க மேசைலேர்ந்து. கிரிங்கிள் ரொட்டி கொண்டுவந்திருக்கேன், பீக்கான் பருப்பு போட்டது. நர்ஸுங்க சாப்பிட்டது போக மிச்சம்.

ட்ரென்ட்: நீங்க தெய்வம் சிஸ்டர்.

லோர்னா: தெரியும். எத்தனை மணிக்கு வருது தீர்ப்பு?

கெல்சி: பதினொண்ணு. இன்னும் இருபத்திரண்டு நிமிஷம்.

லோர்னா: முப்பத்தோரு வருஷமா இந்தக் குழந்தைங்க வார்டுல இருக்கேன், இந்த ஃபெல்லோஷிப் சமாசாரம் மட்டும் எனக்குப் புரியல. குழந்தை டாக்டருக்குப் படிச்சாச்சு. மூணு வருஷம் இதே மாடில, இருமற குழந்தைங்களைப் பாத்தாச்சு. இன்னும் ரெண்டு வருஷம் எதுக்கு?

ட்ரென்ட்: ஆஸ்பத்திரில சேர்ந்த குழந்தைங்களைப் பாக்கறதுக்குன்னு தனிப் பயிற்சி சிஸ்டர்.

லோர்னா: இப்ப நீங்க பாக்கறது?

ட்ரென்ட்: ஆஸ்பத்திரில சேர்ந்த குழந்தைங்க.

லோர்னா: ரெண்டு வருஷம் கழிச்சு?

ட்ரென்ட்: அதே குழந்தைங்கதான். ஆனா அதிகாரபூர்வமா.

கெல்சி: கிண்டல் பண்ணாத. ஆய்வு இருக்கு, கத்துக்குடுக்கறது இருக்கு, துறையை வளர்க்கறது இருக்கு... நம்ம தலைமை டாக்டர் ராஸ்முசன் அழகாச் சொல்வாரே, இது ஒரு பயணம்னு.

லோர்னா: அந்த மனுஷன் காப்பி எடுக்கப் போனாலும் பயணம்தான்.

ட்ரென்ட்: அவரைச் சொல்லாதீங்க. கெல்சிக்கு அவர் உசிரு. அவருக்குக் கெல்சி அதுக்கு மேல. போன மாசம் கூட்டத்துல என்ன சொன்னார் தெரியுமா? 'நம்ம கெல்சியோட ஆய்வு இந்தத் துறையோட திசையையே மாத்தும்.'

லோர்னா: என்ன ஆய்வு?

கெல்சி: மூச்சுத்திணறல் சரியாகிட்டு வர்ற குழந்தைக்குக் கால்ல மாட்டின ஒயரைச் சீக்கிரம் கழட்டிட்டா, சும்மாச் சும்மா அலாரம் அடிக்காது, குழந்தை நல்லாத் தூங்கும், வீட்டுக்கும் சீக்கிரம் போகும்.

லோர்னா: இதை நான் இருபது வருஷமாச் சொல்லிட்டிருக்கேனே.

கெல்சி: நீங்க வரைபடம் போடலையே சிஸ்டர்.

ட்ரென்ட்: ஆறு கலர்ல போட்டிருந்தா. அவர் கண் கலங்கிடுச்சு. அதே கூட்டத்துல என்னையும் ஞாபகம் வச்சுக் கூப்பிட்டார். 'ட்ரெவர், அந்த ஜன்னலைச் சாத்துப்பா.'

லோர்னா: இன்னுமா உன்னை ட்ரெவர்ங்கறார்?

ட்ரென்ட்: மூணு வருஷமா. திருத்தறதை விட்டுட்டேன். இப்ப யாராவது ட்ரெவர்னா நானே திரும்பிப் பாக்கறேன்.

கெல்சி: ரொம்ப அழாத. உன்னை யார் திருத்தணும்? அப்பா அம்மாக்களுக்கு நீதானே செல்லம். இன்னிக்குக் காலைல ஒன்பதாம் நம்பர் அறைல நடந்ததைச் சொல்லவா சிஸ்டர்? கட்டில் பக்கத்துல நின்னு, அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட எல்லாத்தையும் விளக்கறேன். ஒரு வைத்தியச் சொல் இல்ல. மண்டி போட்டு, கண்ணைப் பாத்து, நடுவுல அவங்களைப் பேசவிட்டு. பாடப் புத்தகத்துல படம் போடலாம்.

லோர்னா: நானும் இருந்தேனே. நல்லாத்தான் பேசின.

கெல்சி: முடிச்சதும் அவங்க என்ன கேட்டாங்க?

லோர்னா: 'அந்தத் தாடி டாக்டர் எப்ப வருவார்?'

ட்ரென்ட்: நான் ஒண்ணுமே பண்ணல. நேத்து அந்தப் பையனோட பொம்மை டைனோசருக்கு ஊசி போட்டேன், அவ்ளோதான்.

கெல்சி: அதான் எரியுது. நான் மூணு வருஷமா ராத்திரி பகலாப் படிக்கறேன், இவன் டைனோசருக்கு ஊசி போட்டுப் பேர் வாங்கறான்.

லோர்னா: நீங்க ரெண்டு பேரும் நிஜமாவே சிநேகிதங்கதானா?

ட்ரென்ட்: உயிர்ச் சிநேகிதங்க.

கெல்சி: அவன் ஊருக்குப் போயிட்டா இன்னும் நல்ல சிநேகிதங்களா இருப்போம்.

லோர்னா: சரி, யாருக்கு எந்த ஊருன்னு கம்ப்யூட்டர்தான் சொல்லுதாமே, அது எப்படித்தான் முடிவு பண்ணுது?

கெல்சி: எங்க போக ஆசைன்னு நாங்க வரிசையா ஒரு பட்டியல் குடுப்போம். யார் வேணும்னு ஆஸ்பத்திரிக்காரங்க ஒரு பட்டியல் குடுப்பாங்க. ரெண்டையும் பாத்து முடிச்சுப் போட்டுடும். இங்க ஒரே ஒரு இடம். சியாட்டில்லயும் ஒண்ணுதான்.

லோர்னா: வந்தது பிடிக்கலைன்னா?

கெல்சி: போயே ஆகணும். கையெழுத்துப் போட்டாச்சு, மாத்தறதுக்கில்ல. யாரு என்ன எழுதினான்னு அடுத்தவங்களுக்குத் தெரியாது.

லோர்னா: கல்யாணத்துலயாவது முதல்நாள் ராத்திரி ஓடிப்போகலாம்.

ட்ரென்ட்: எனக்கு என்ன பயம்? என் காதலி ஆட்ரா ஆகஸ்ட்லயே சியாட்டில்ல வேலைக்குச் சேர்ந்தாச்சு. என் சைக்கிள் அங்க, பூனை அங்க. நான் ஒருத்தன்தான் பாக்கி. இந்தத் தடவை நான் வரலைன்னா, பூனையை வச்சுக்கிட்டு என்னை விட்டுடறதாச் சொல்லியிருக்கா.

லோர்னா: விளையாட்டுக்கா?

ட்ரென்ட்: சிரிக்காமச் சொன்னா.

கெல்சி: என் வீட்டுக்காரர் டெரெக்கைப் பாருங்க, இப்பத்தான் படம் அனுப்பினார். கேக் வாங்கி வச்சாச்சாம். மேல என்ன எழுதியிருக்கு பாருங்க. 'மில்வாக்கியிலேயே.'

லோர்னா: முடிவு வர்றதுக்கு முன்னாடியேவா?

கெல்சி: வேற எங்க கிடைக்கப்போகுது எனக்குன்னு கேக்கறார்.

லோர்னா: அப்ப ஏன் உக்காராம நடந்துட்டே இருக்க?

கெல்சி: காப்பி.

ட்ரென்ட்: எனக்கும் காப்பிதான்.

லோர்னா: நீ குடிக்கவே இல்லையேப்பா.

ட்ரென்ட்: ...மணி என்ன?

கெல்சி: பதினொண்ணு. வந்துடுச்சு. ஒண்ணாத் திறப்போமா?

ட்ரென்ட்: திற.

லோர்னா: என்னாச்சு? ரெண்டு பேரும் ஏன் மானிட்டரைப் பாக்கற மாதிரி போனைப் பாக்கறீங்க?

கெல்சி: கிடைச்சிடுச்சு.

ட்ரென்ட்: எனக்கும்.

லோர்னா: எது?

கெல்சி: முதல்ல போட்டதே.

ட்ரென்ட்: ...எனக்கும் முதல்ல போட்டதேதான்.

கெல்சி: நிஜமாவா?

ட்ரென்ட்: ஏன்... உனக்கு நிஜமா இல்லையா?

கெல்சி: நிஜம்தான். உனக்கு... நிச்சயமா முதல் இடமா?

ட்ரென்ட்: நிச்சயமா. உனக்கு? நல்லாப் பாத்தியா?

கெல்சி: கண்ணாடி போட்டுட்டுத்தானே இருக்கேன்.

லோர்னா: அப்ப வாயைத் திறந்து சிரிங்களேன். ஒருத்தி இங்கயே, ஒருத்தன் சியாட்டில். கட்டிப் பிடிச்சுக்குங்க. கிரிங்கிள்ல ஆளுக்கு இன்னொரு துண்டு தர்றேன்.

கெல்சி: வாழ்த்துகள் ட்ரென்ட்.

ட்ரென்ட்: வாழ்த்துகள் கெல்சி. உனக்குக் கிடைக்காம யாருக்குக் கிடைக்கும்.

லோர்னா: போன் அடிக்குதே கெல்சி. டெரெக்தான். எடு.

கெல்சி: அப்புறம் பேசிக்கறேன்.

லோர்னா: கேக்கோட காத்திருக்கானே பாவம்... இருங்க, ராஸ்முசன் மெயில் வந்திருக்கு, வார்டு முழுக்கப் போட்டிருக்கார். படிக்கவா? 'அன்பர்களே, மிகுந்த பெருமிதத்துடன் ஒரு நற்செய்தி. நமது நிறுவனத்தின் அடுத்த கட்டப் பயணத்தில் நம்மோடு தொடர்ந்து பயணிக்கவிருக்கும் புதிய ஃபெல்லோ, நம் அனைவரின் அன்புக்குரிய டாக்டர்...' இது என்ன?

கெல்சி: என்ன?

லோர்னா: 'டாக்டர் ட்ரெவர் மஸூரெக்.' ட்ரெவர் மஸூரெக்னு வேற யாராச்சும் இருக்காங்களா இங்க?

ட்ரென்ட்: இல்ல சிஸ்டர். அது நான்தான்.

கெல்சி: உன் பட்டியல்ல இந்த ஆஸ்பத்திரி எத்தனையாவது?

ட்ரென்ட்: கெல்சி, நான் சொல்றதை...

கெல்சி: எத்தனையாவது?

ட்ரென்ட்: ஒண்ணு.

லோர்னா: அடப் பாவி. அந்தப் பொண்ணு? பூனை?

ட்ரென்ட்: சியாட்டில்தான் முதல்லன்னு ஆட்ராகிட்டச் சொல்லியிருக்கேன். அப்படித்தான் போட்டும் வச்சிருந்தேன். கடைசி நாள்தான் மாத்தினேன். அன்னிக்குத்தான் அந்தக் கூட்டம். நீ துறையோட திசையை மாத்தற, நான் ஜன்னலைச் சாத்தறேன். ஒரே ஒரு தடவையாவது அந்த ஆளோட பட்டியல்ல உனக்கு மேல என் பேர் இருக்கணும்னு தோணிச்சு. எப்படியும் உன்னைத்தான் எடுப்பாங்க, எனக்குச் சியாட்டில் வந்துடும்னு நினைச்சேன். எடுத்துடுவார்னு யாரு கண்டது?

கெல்சி: பேரே தெரியாம எடுத்திருக்கார்.

ட்ரென்ட்: அதான் எனக்கும் புரியல.

லோர்னா: ஒன்பதாம் நம்பர் அம்மா மாதிரி அம்மாக்கள் எழுதிக் குடுக்கற கடிதமெல்லாம் அவர் மேசைக்குத்தான் போகுது. அதுல 'தாடி டாக்டர்'னுதான் இருக்கும். பேருக்கு எங்க போவார்?

கெல்சி: மூணு வருஷம் ட்ரென்ட். என் வீட்டுல எத்தனை ஞாயித்துக்கிழமை சாப்பிட்டிருப்ப? டெரெக் உனக்குன்னு காரம் குறைச்சு மிளகாய் சூப் பண்ணுவார். இதுக்கா?

ட்ரென்ட்: வெக்கமா இருக்கு. முதல்ல போட்டதே கிடைச்சுதுன்னு நீ சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க முன்னாடி அழக்கூடாதுன்னு நீ பொய் சொல்ற.

கெல்சி: பொறாமைக்கு ஒரு அளவு வேணாமா? அடுத்தவங்க இடத்தைப் பிடுங்கறதுக்காகத் தன் வாழ்க்கையையே ஒருத்தன் கெடுத்துக்குவானா? எந்த மனுஷன் பண்ணுவான் இதை?

ட்ரென்ட்: திட்டு. நல்லாத் திட்டு.

லோர்னா: தண்ணி குடி கண்ணு. நீ ஏண்டா சிலை மாதிரி நிக்கற? போய் அந்த மெயில் போட்ட ஆளைப் பாரு.

ட்ரென்ட்: பாக்கறேன். இப்பவே போய் ராஸ்முசன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன். எழுதி விண்ணப்பிச்சா விலக்குக் குடுப்பாங்களாம். எனக்கு வேணாம், கெல்சிக்கே குடுங்கன்னு...

கெல்சி: போகாத.

ட்ரென்ட்: பெருந்தன்மை காட்டாத கெல்சி, தாங்காது எனக்கு.

கெல்சி: போகாதன்னா போகாத. நடந்தது நடந்துடுச்சு. அதைக் கிளறவேண்டாம்.

லோர்னா: என்ன மனசு பாரு இதுக்கு. நீ கத்துக்க... இரு. இரு கண்ணு. எனக்கு வரைபடமெல்லாம் போடத் தெரியாது, ஆனா எண்ணத் தெரியும். இங்க இருந்தது ஒரே இடம். அது ட்ரெவருக்குப் போயாச்சு. உனக்கும் முதல்ல போட்டதே கிடைச்சுதுன்னியே, கண்ணாடி போட்டுட்டுப் பாத்தேன்னியே. அப்ப நீ முதல்ல போட்டது எந்த ஊரு?

ட்ரென்ட்: கெல்சி?

கெல்சி: அந்தம்மா உனக்கு மட்டும் மெயில் போட்டாங்கல்ல, ட்ரென்ட், அது பொறுக்கல எனக்கு... சியாட்டில்ல எனக்கு ஒரு வீடு கிடைக்கற வரைக்கும், ரெண்டே வாரம், ஆட்ராவோட சோபாவுல படுத்துக்கலாமான்னு கேட்டுச் சொல்றியா?