என் மந்திரியின் பலியும் மச்சானின் ராஜாவும்

அவைக்கு அழகாகவும் கைக்கடிகாரத்துக்கு அடிமையாகவும் வீற்றிருக்கும் தலைவர் அவர்களே! தோற்ற ஆட்டத்தை அன்றே மறந்து, வென்ற ஆட்டத்தை மட்டும் வாரந்தோறும் விவரிக்கும் சதுரங்கச் சங்கத்துப் பெரியோர்களே! ஞாயிறுதோறும் கணவர்களை எங்களுக்குத் தாரை வார்த்துவிட்டு நிம்மதிப் பெருமூச்சு விடும் தாய்மார்களே! அனைவருக்கும் இந்தக் குழாய் ரிப்பேர்க்காரனின் கும்பிடு!

ஆண்டின் அழகான ஆட்டத்துக்குரிய கோப்பையை எனக்கு அறிவித்திருக்கிறீர்கள். வாங்குமுன் அந்த ஆட்டத்தை மேடையில் விளக்க வேண்டும் என்பது நம் வழக்கம். விளக்குகிறேன். விளக்கி முடித்தபின் கொடுப்பீர்களா என்பதுதான் சந்தேகம்!

எதிரே ஆடியவர் யார்? என் மனைவியின் தம்பி. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். மூன்றாம் வரிசையில் தூணுக்குப் பின்னால் ஒளிகிறாரே, அவரேதான்! அன்று நான் என்ன செய்தேன்? அவர் ராஜாவுக்குக் காவல் நின்ற சிப்பாயை, மூலைவாட்டில் ஓடும் என் மந்திரியால் வெட்டினேன். மந்திரியை ராஜாவே வெட்டினார். ஒரு சிப்பாய்க்கு ஒரு மந்திரி! கஞ்சனான நான் வள்ளலானேன்! என் குதிரை பாய்ந்தது, "செக்!" என்றேன். மச்சான் ராஜாவைப் பின்னுக்கு இழுத்தார். என் ராணி வந்தாள்; ராஜாவின் கதை முடிந்தது.

நீங்கள் கைதட்டினீர்கள். நான் காலரைத் தூக்கிவிட்டேன். மச்சான்? பலகையைக் கொண்டுபோய்ப் பரணில் போட்டார். "எனக்கு மூளை மழுங்கிடுச்சுக்கா. இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்" என்றவர், மூன்று மாதமாக வரவேயில்லை. இன்றும் அக்கா இழுத்து வந்ததால்தான் வந்திருக்கிறார்.

கோப்பைப் பேச்சு வந்ததும், அந்த ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். யார் கை ஓங்கியிருக்கிறது என்று எண்ணாகக் காட்டுமே, அந்த எண் என் பக்கம் ஏறியது. ஏறியதும் என்ன செய்தேன்? டப்பென்று நிறுத்திவிட்டேன்! மறுநாளும் போட்டேன், ஏறியது, நிறுத்தினேன். புகழ்ந்து பேசும்போதே போனை வைத்துவிடும் புத்திசாலி நான்!

என் மனைவியோ இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவர். "பாதி டெஸ்ட்ல ரிப்போர்ட் எழுதினா நோயாளி கதி என்னங்க? ஓடட்டும், கையை எடுங்க" என்றார். ஓடவிட்டோம். அவர் துணி உலர்த்தி வந்தார். நான் நகம் கடித்து முடித்தேன். ஏறிய எண் நின்றது! நின்ற எண் இறங்கியது! இறங்கிய எண் எதிர்ப்பக்கம் ஏறியது!

ஆம் நண்பர்களே, என் பலி ஓட்டைப் பலி! ஊர்க் குழாயெல்லாம் ஒழுகுகிறதா என்று பார்ப்பவன், சொந்த ஒழுகலைப் பார்க்கவில்லை. அன்று மச்சான் ராஜாவை வேறொரு கட்டத்தில் வைத்திருந்தால் நான் தவிடுபொடி. எந்தக் கட்டம்? இப்போது சொல்லமாட்டேன்.

என்ன ஐயா, அங்கே? வாயை மூடிக்கொண்டு கோப்பையை வாங்கியிருக்கலாமே என்கிறீர்களா? வீட்டில் நானும் அதைத்தான் சொன்னேன். "தாராளமா வாங்குங்க. ஆனா என் தம்பி, மழுங்கிட்டோம்னு நெனச்சே ஒக்காந்திருப்பான். உங்களுக்குச் சோறு இறங்குமா?" என்றார். இறங்கவில்லை! இரண்டு நாள் இறங்கவில்லை! எனக்கு மச்சான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை எனக்கெதிரே அவர் உட்கார வேண்டும்.

மச்சான், மேலே வாங்க! இதோ பலகை. என் குதிரை செக் சொன்ன அதே நிலை. தலைவரே, மணியை அடித்துவிடாதீர்கள்! தாய்மார்களே, யாரும் சொல்லிக் கொடுக்காதீர்கள்!

வருகிறார்... படியேறிவிட்டார். கண்ணாடியைத் துடைக்கிறார். பலகை மேல் குனிகிறார். ராஜாவைத் தொட்டார்... பின்னாலா? ஐயோ, பின்னாலா? இல்லை! முன்னால்! காவலே இல்லாத வெட்டவெளியில், என் குதிரையின் மூக்குக்கு நேரே வைத்துவிட்டார்! கம்ப்யூட்டர் சொன்ன அதே கட்டம்!

தட்டுங்கள் கைகளை! இதுவா மழுங்கிய மூளை? இதுவா பரணில் கிடக்க வேண்டிய பலகை? பொறுங்கள், ஏதோ சொல்கிறார். மைக்கில் சொல்லுங்க மச்சான், எல்லாரும் கேட்கட்டும்.

"பேசினது போதும் மாமா. உங்க முறை. ஆடுங்க."

கேட்டீர்களா! தலைவரே, கோப்பை மேசையிலேயே இருக்கட்டும். எனக்கு இப்போது ஓர் ஆட்டம் இருக்கிறது. அதுவும் தோற்கப் போகிற ஆட்டம்! பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. மச்சான் எதிரே உட்கார்ந்துவிட்டார், வணக்கம்!