கடுதாசியில் பெய்த மழை

நாகலூரிலிருந்து சேலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு எஸ்டேட் பெண்கள். சன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்:

"நான் படிக்கக் கத்துக்கிட்டப்புறந்தான் எங்கூட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாதுன்னே தெரிஞ்சுதுங்க."

"ஏனுங்க, இருவது வருசமா உங்களுக்குக் கடுதாசி படிக்கறவராச்சே!"

"மக, 'மாசமா இருக்கேன், வந்து கூட்டிட்டுப் போம்மா'ன்னு எழுதியிருக்கறா. இவரு, 'அங்க நொம்ப மழையாம்'ங்கறாரு."

"அய்யய்யோ!"

"இன்னொருக்கா படிங்கன்னேன். வெயிலடிச்சுதுங்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

"அதான் நானே மகளைக் கூட்டியாரப் போறேன்."

"குட்டு தெரிஞ்சுபோச்சுன்னு அவருகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"எதுக்குங்க? நேத்து எங்க முதியோர் கிளாசுல, கடைசி வரிசையில, மப்ளரை மூஞ்சி வரைக்கும் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தாரு. நானும் ஆளு தெரியாத மாதிரி, 'புதுசுங்களா?'ன்னு சிலேட்டை நீட்டினேன்."