இரண்டாவது வரிசையில் மூன்றாவது முகம்

போட்டோவிலிருந்து ஒரு ஆளை வெட்டி எடுக்கும்போது மூக்கும் தாடையும் சுலபமாக வந்துவிடும். காதுதான் தொல்லை. கொஞ்சம் அவசரப்பட்டால் மடல் பாதி பின்னாலிருக்கும் சுவரோடு போய்விடும். உங்கள் இடது காது அப்படித்தான் போனது, சார். போன மாசம் 'இளைஞர்களே, வழி தவறாதீர்' கூட்டத்துக்குப் பேனர் கேட்டு உங்கள் ஏட்டு என் கடைக்கு வந்தார். டிசைன் போடுகிறவர் அன்றைக்கு லீவு, நானேதான் வெட்டினேன். நீங்கள் கவனிக்கவில்லை. மேடையில் முக்கால் மணி நேரம் பேசினீர்கள். இளைஞர்கள் ஆறு பேர் வந்திருந்தார்கள், அதில் இரண்டு பேர் மைக் செட்காரர்கள்.

பசங்க ஏன் கும்பல் சேருகிறார்கள் என்று அன்றைக்குக் கேட்டீர்கள். சினிமா, செல்போன், சாராயம் என்று பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். பெரிய மனிதர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. இப்போது நீங்களே எதிரில் உட்கார்ந்து எழுதிக்கொள்வதால் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் இருக்கிற கும்பல் இரண்டு. இரண்டையும் செய்தவன் நான்.

என் அப்பாவும் அம்மாவும் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டினவர்கள். ஆறாவதோடு நானும் போனேன். தோகை கழுத்தை அறுக்கும், அதில் வேர்வை இறங்கினால் காந்தும். அதெல்லாம் பழகிவிடும். ஆறு சீசன் வெட்டினேன், மேஸ்திரிக்கு என் பெயர் தெரியாது. 'ஏ கட்டுத்தூக்கி' என்பார். தெய்வசிகாமணி என்று அம்மா ஆசையாக வைத்த பெயர் ரேஷன் கார்டுக்குள்ளேயே கிடந்தது. அது மட்டும் எனக்குப் பழகவில்லை.

பிறகு கள்ளக்குறிச்சிக்கு வந்து, கம்ப்யூட்டர் கற்று, பேனர் கடை வைத்தேன். ஒரு ஆடி மாசம் கச்சிராயபாளையத்திலிருந்து கரும்பு லோடு ஏற்றுகிற பசங்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மாரியம்மன் படம் போட்டு ஒரு பேனர் வேண்டும். அம்மன் மட்டும் போதும் என்றார்கள். உங்க மூஞ்சிக்கு என்னடா குறைச்சல் என்று நான்தான் கேட்டேன். வெட்கப்பட்டார்கள். கடை வாசலில் நிற்க வைத்து நானே படம் எடுத்தேன். என் கூலிங் கிளாஸை ஒருத்தன் கழற்ற அடுத்தவன் மாட்டிக்கொண்டான். பேனரில் பன்னிரண்டு முகத்திலும் ஒரே கண்ணாடி. மேலே பெரிய எழுத்தில் 'கோமுகி சிங்கங்கள்' என்று போட்டேன். அந்தப் பக்கத்து மலையில் சிங்கத்தை எவனும் பார்த்ததில்லை. இருப்பது காட்டுப்பன்றி. காட்டுப்பன்றிகள் என்று போட்டால் எவன் வந்து நிற்பான்.

பஸ் ஸ்டாண்டில் அதைக் கட்டின அன்று அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தனான சின்னராசு எதிர் டீக்கடையில் மூன்று டவுன் பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான். தன்னையே பார்த்துக்கொண்டிருந்தான். செல்லியம்மாளின் ஒரே பிள்ளை. அந்தம்மா கூலிக்காரி, கோமுகி டேமுக்குக் கீழே நடவு, களையெடுப்பு, கரும்பு வெட்டு, கிடைத்ததற்குப் போகும். பையன் படித்த பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவன். அந்த விழாவுக்கு அடித்த பேனரில் பரிசு கொடுத்தவர்கள் ஒன்பது பேர் முகம் இருந்தது. பரிசு வாங்கினவன் முகம் இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இது.

மீதிப் பாதியை நான் செய்தேன். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அது பஜனை கோஷ்டி. ஆகவே மலையடிவாரத்துப் பசங்களைக் கூப்பிட்டு 'மலையடி ராஜாக்கள்' என்று ஒன்று அடித்துக் கொடுத்தேன், சிங்கங்களை விட இரண்டு அடி அகலம் கூட. அடுத்த திருவிழாவில் எந்தப் பேனர் எதை மறைக்கிறது என்று முதல் சண்டை வந்தது. யாரிடமும் கத்தியைக் கொடுக்கவில்லை. ஃப்ளெக்ஸ்தான் கொடுத்தேன்.

மலையிலிருந்து லாரி டியூபில் சாராயம் இறக்குகிற ஒருவர் ஒருநாள் கடைக்கு வந்தார். முன்னால் பைக்கில் போய் வழி பார்க்க, சொன்ன பேச்சு கேட்கிற பசங்க வேண்டும் என்றார். பேனரைக் காட்டினேன். ஆள் பொறுக்க அதைவிட வசதி ஏது. முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, யார் முன்னால் நிற்கிறான் யார் பின்னால் நிற்கிறான் என்பதும் இருக்கிறது. சிங்கங்களில் வீரமுத்து என்கிற பையன் எவனோ ஒருத்தனுடைய மணிக்கட்டை வெட்டிவிட்டு வந்த மாசம் அவன் முகம் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தது. நான் பாராட்டி ஒரு வார்த்தை பேசவில்லை. சைஸைக் கூட்டினேன், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் ஒரு முறை உண்டு, சார். பேனரில் முகம் இருந்தால் அவன் நம்ம ஆள். முகம் இல்லையென்றால் விலகிவிட்டான், தொந்தரவில்லை. முகம் அடுத்தவன் பேனரில் இருந்தால் துரோகி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் மச்சான் முறைக்காக அந்தப் பக்கத்துப் பேனரில் போய் நின்றான். இரண்டு முட்டியையும் உடைத்தார்கள். அவன் இன்னும் எலவனாசூர்கோட்டையில் அக்கா வீட்டுக் கட்டிலில்தான் இருக்கிறான். ஆக, எனக்குத் தெரியாது என்று சொல்லப் போவதில்லை.

இந்த ஆடிக்கு முந்தின வாரம் சின்னராசு தனியாக வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றினான்.

"சிகாண்ணே, இந்தத் தபா என் மூஞ்சிய எட்த்துடுண்ணே."

"ஏன்டா, கறுப்பா உழுந்துட்சா?"

சிரித்தான். "அதில்லண்ணே. ஓசூர்ல கம்பெனில வரச் சொல்லிக்கீறாங்க. ஞாயித்துக்கெழம வண்டி ஏறணும். அம்மா சோறு துன்னாம அழுதுகினே கீது. சொல்லாம போனா பசங்க தப்பா நெனச்சுப்பாங்க. பேனர்ல இல்லன்னா உட்டுடுவாங்கண்ணே."

யாரிடமும் சொல்லாமல் அன்றைக்கே பஸ் ஏறியிருந்தால் இந்நேரம் ஓசூரில் மெஸ் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டு இருந்திருப்பான். மரியாதை தெரிந்த பையன். முறைப்படி விலக வந்தான். டீ வாங்கிக் கொடுத்து, எடுத்துவிடுகிறேன்டா, நல்லா இரு என்றேன்.

எடுத்தேன். சொன்ன வார்த்தை மாறவில்லை. எடுத்ததும் அந்த இடம் ஓட்டையாகத் தெரிந்தது. மற்ற முகங்களை நெருக்கி வைத்துப் பார்த்தேன், அப்போதும் தெரிந்தது. கேட்டவுடன் ஒருத்தன் வெளியே போகலாம் என்றால் மிச்சம் பதினோரு பேருக்கும் வாசல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அப்புறம் என் கடை வெறும் கல்யாணப் பேனர் கடை, நான் வெறும் கட்டுத்தூக்கி. வெட்டின முகம் கம்ப்யூட்டரில் சும்மா கிடந்தது. ராஜாக்கள் பேனரும் அன்றைக்குத்தான் டிசைன். இரண்டாவது வரிசையில் இடம் இருந்தது. மூன்றாவது முகமாக வைத்தேன். பொருத்தமாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலையில் என் ஆட்களே கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டில் இரண்டையும் எதிரெதிரே கட்டினார்கள். ராஜாக்கள் மதியம்வரை அந்தப் பக்கமே வரவில்லை. சிங்கங்கள் பத்து மணிக்கே வந்து பார்த்தார்கள். வீரமுத்து எனக்குப் போன் போட்டான். "இன்னாண்ணே இது, நம்ம சின்னராசு அங்க கீறான்?" என்றான். இரண்டு பேரும் ஒரே இலையில் சாப்பிட்டவர்கள். தப்பாகிவிட்டது என்று அப்போது சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். "அவன்தாம்பா வந்து வெக்கச் சொன்னான்" என்றேன்.

சாயங்காலம் ஐந்தரைக்கு, ஓசூருக்குக் கொண்டுபோக ஒரு பை வாங்க வந்த இடத்தில் சின்னராசுவைச் சிங்கங்கள் வெட்டினார்கள். நான் கடையில்தான் இருந்தேன், நாலு சாட்சி உண்டு.

கண்ணீர் அஞ்சலி பேனர் காலை பதினொன்று பத்துக்கே என் கம்ப்யூட்டரில் இருந்ததை உங்கள் ஆள் கண்டுபிடித்தாராம். கெட்டிக்காரர், நல்லா இருக்கட்டும். ஏன் முன்கூட்டியே செய்தாய் என்று கேட்கிறீர்கள். சாவு சேதி வந்த பிறகு உட்கார்ந்தால் ஆளாளுக்கு வந்து அவசரப்படுத்துவார்கள். அந்தப் பையனுக்காவது நிதானமாகச் செய்ய நினைத்தேன்.

மறுநாள் செல்லியம்மாள் வந்தாள். அழவில்லை. "கண்ணாடி இல்லாத படம் ஒண்ணு இருந்தா குடு சாமி. எம்புள்ள கண்ணு தெரியல," என்றாள். நாலு வருஷத்துப் படங்களையும் தேடினேன். எல்லாவற்றிலும் என் கூலிங் கிளாஸ்தான். அந்தம்மா வெறுங்கையோடு போனாள். அதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

எழுதிக்கொள்ளுங்கள். சின்னராசுவைக் கொன்றது தெய்வசிகாமணி. வீரமுத்துவுக்குச் சின்ன வயசு, அவன் பேனரில் இருந்ததைப் படித்தான், அவ்வளவே.

இன்னொரு விஷயம். காரியத்துக்கு அடிக்கிற நினைவு பேனரில் சின்னராசு படத்துக்குக் கீழே தங்கள் முகமும் வேண்டும் என்று போன வாரம் நாலு பேர் வந்தார்கள். பிளஸ் ஒன் படிக்கிறவர்கள், அவனிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. உட்கார வைத்துப் படம் எடுத்திருக்கிறேன், பெயரும் எழுதி வைத்திருக்கிறேன். என்னை எத்தனை வருஷம் உள்ளே வைத்தாலும் சரி. அந்த நாலு பேரைக் கூப்பிட்டு மிரட்டாதீர்கள், சார். விவரம் தெரியாத பசங்க. நான் இல்லாத நேரம் பார்த்து எவனாவது கெட்டவன் கையில் சிக்கிவிடப் போகிறார்கள்.