சம்மந்தி குடுத்த சைக்கிள்

ஏறி உக்கார்றது இருக்கட்டுங்க ஷிஜோ, மொதல்ல உங்க கடையில இருக்கற ஒரு ஆரன இந்தச் சைக்கிளுக்குப் போடுங்க. நல்லாச் சத்தமா. கொண்டை ஊசி வளைவுல காட்டெருமை நின்னுச்சுன்னா, இந்தக் குட்டி மணிக்கெல்லாம் அது ஏனுன்னு கோடத் திரும்பிப் பாக்காது. ரேசு சைக்கிள்ல ஆரன் வெக்க மாட்டாங்களா? வெயிட்டா? எம்பட வெயிட்டுக்கு ஆரனாலயா கெட்டுப்போச்சு?

ஸ்டேண்டு இல்ல, மட்கார்டு இல்ல, கேரியரும் இல்ல. கோயமுத்தூர்ல கெளம்பிக் கன்னியாகுமரி தொட்டுட்டு மறுபடி கோயமுத்தூரே வந்து சேரோணும்ங்கறாரு சம்மந்தி, கட்டுச்சோத்த எங்க வெக்கறதுங்க? சட்டை முதுகுல பாக்கெட்டா? சோத்த முதுகுல வெச்சுட்டு நான் யார்கிட்டக் கேட்டு எடுத்துத் திங்கறது?

ஆமாங்க, எங்க சம்மந்திதான் குடுத்தது. வேன் வெச்சு எங்கூரு பிக்கட்டிக்கே அனுப்பீட்டாரு. பொண்ணு ஊட்டுக்காரந்தான் சீர் செய்யோணும், இவரு எனக்குச் சீர் செஞ்சிருக்காரு. அடுத்த மாசம் ரெண்டு சம்மந்தியும் சோடியா ரேசுக்குப் போறோம். அது முடிஞ்சு தையில பசங்க கல்யாணம். பனியன் கோட அடிச்சாச்சுங்க. முன்னாடி ரெண்டு பேரு மொகம், பின்னாடி சம்மந்தி எக்ஸ்பிரஸ்னு. என்ற மொகத்த எங்கிருந்து எடுத்தாரோ, ரேஷன் கார்டுல இருக்கறதாட்ட இருக்குது.

இருங்க இருங்க, சீட்டு உசரம் அப்புறம் பாக்கலாம். சீட்டா இது? அருவாமணையத் திருப்பிப் போட்டாப்ல இருக்குது. அதுக்குன்னு ஒரு ட்ரவுசரு வந்துச்சுங்க, உள்ள மெத்தை வெச்சுத் தெச்சது. சுகந்தி, எங்க ஊட்டுக்காரி, தொவைக்கறப்ப உள்ள என்னமோ பிதுங்கிக் கெடக்குதேன்னு அதப் பிரிச்சு எடுத்துட்டா. இப்ப அதுலதான் அடுப்புல இருந்து குண்டா எறக்கறோம். கையி சுடறதே இல்ல. நல்ல சாமான்.

ஒரு டப்பாக் களிம்பு கோட வந்துச்சு, அத செயினுக்குப் பூசிட்டேன். ஏனுங்க சிரிக்கறீங்க? செயினுக்கு இல்லயா? ஒடம்புக்கா? ஒடம்புல எங்க?

ஓ. சரி, சரி. செயினாவது சொகமாப் போகட்டும்.

கியரு இருவத்திரெண்டா? எங்க ஜீப்புக்கு நாலுதான். இதுல ரிவர்ஸ் எங்கீங்க? இல்லயா? இத்தன கியரு வெச்சவன் ஒரு ரிவர்ஸ் வெக்கலியே. பெடல்ல ஷூவப் பூட்டிக்குமாமா? அப்ப எறங்கறது? காலத் திருகோணுமா? திருகறதுக்குள்ள உழுந்துட்டா சைக்கிளோடயே உழுகோணுமா? அது வேண்டாங்க, சாதாப் பெடலே போடுங்க. பூசைக்கு எலுமிச்சம்பழம் கொண்டாந்திருக்கேன். டயரு இருக்கற ஒல்லிக்குப் பழம் நசுங்காது, ரெண்டா அறுபடத்தான் போகுது.

ஓட்டிட்டு வராம எதுக்கு ஜீப்புல போட்டுக் கொண்டாந்தேனா? அது வந்துங்க, குன்னூரு ஃபேக்டரிக்குப் பச்சைத் தேயிலத் தழை கொண்டாந்தேன், அதோட அதா இதையும்.

நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன் ஷிஜோ, நான் ஒரு வார்த்த பொய் சொல்லல. பொண்ணுப் பாக்க வந்தன்னிக்கு அவரு மொகத்த உர்ருனு வெச்சுட்டு உக்காந்திருந்தாரு. பசங்களாப் பாத்துப் புடிச்சுக்கிட்டது, அவருக்கு மனசே இல்ல. தேயிலக்காரன் ஊட்டுல வந்து டீ வேண்டாம்னுட்டாரு, பாத்துக்கோங்க. எங்க பொண்ணு ஜீவிதா சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி நின்னு கண்ணத் தொடைக்கறா.

கெளம்பப் போறவரு சும்மா பேச்சுக்கு, வண்டி ஓட்டுவீங்களான்னாரு. கல்யாணமானதுல இருந்து ஓட்டறேன்ங்கன்னேன். இந்த மலையிலயான்னாரு. வேறெங்க போறதுங்கன்னேன். ஏத்தத்துல மூச்சு வாங்காதா? வாங்கும், ஓரமா நிறுத்தித் தண்ணி ஊத்துனா சரியாப் போயிரும். காலு வலிக்காதா? எடது காலு மட்டும் கொஞ்சம் வலிக்கும். மனுசன் நிமுந்து உக்காந்தாரு. சும்மா போயிட்டு வருவீங்களான்னாரு. சும்மா எங்கீங்க, தழை மூட்டை பத்து இருக்கும்னேன். பத்து மூட்டையோடவான்னு எந்திரிச்சே நின்னுட்டாரு. கிட்ட வந்து என்ற தொடையத் தட்டிப் பாத்தாரு. எதுக்குத் தட்டறாருன்னு அப்ப வெளங்கல. இப்பிடி ஒரு சம்மந்தி கெடைக்கக் குடுத்து வெச்சிருக்கோணும்னு சொல்லிட்டு, எங்கம்மா டீன்னு அவரே கேட்டாரு. ரெண்டு டம்ளரு குடிச்சாருங்க.

அப்பவே ஜீப்புன்னு சொல்லீருக்கலாமேங்கறீங்க. அவரு சைக்கிளத்தான் வண்டிங்கறாருன்னு எனக்கு எப்படீங்க தெரியும்? வண்டின்னா எங்கூர்ல ஜீப்பு. வேன்ல இருந்து இது எறங்குனப்பத்தான் வெளங்குச்சு. இனிச் சொன்னா மறுபடி உர்ருனு ஆயிருவாரு. ஜீவிதா இப்பல்லாம் போன் எடுத்தா சிரிச்சுட்டே பேசறா. பொய் சொன்னது நானா, அந்த வார்த்தையான்னு தழை எட போடறப்பக் கோட யோசன. நம்மளப் பத்தி ஒருத்தரு இத்தன நல்லா நெனைச்சதே இல்லீங்களா, அத உடவும் மனசு வரல.

சரி. ஏறாம உசரம் எடுக்க முடியாதுன்னா ஏறித்தான் ஆகோணும். அந்த ஷட்டரக் கொஞ்சம் எறக்குங்க. பிக்கட்டியில மேடு, இல்லீன்னா பள்ளம். அங்க சின்ன வயசுல யாருங்க சைக்கிள் வெச்சிருந்தா? சமதரைன்னு ஒண்ண உங்க கடைக்குள்ளதான் பாக்கறேன். சிரிக்காதீங்க, அம்பது தாண்டி இப்பத்தான் மொத தடவ ஏறறேன். பின்னாடி சீட்டக் கெட்டியாப் புடிச்சுட்டே வாங்க.

உடறதா இருந்தா, எங்கிட்டச் சொல்லீராதீங்க.